கம்பிவலைக் கதவில் காய்ந்த ஹொப்ஸ்

மெல்பனில் எங்கள் வீட்டு வேலியில் மாமா ஹொப்ஸ் கொடி வளர்த்த ஆண்டு எனக்கு ஒன்பது வயது. கொடியில் நானூற்றுப் பன்னிரண்டு பூக்கள் இருந்தன. எண்ணியவன் நான். முதல் தடவை நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டதால் திரும்பவும் எண்ணினேன். கணக்கு இடறினால் எனக்கு அப்போதும் நித்திரை வராது, இப்போதும் வராது.

ஹொப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் பச்சைப் பூ. கசக்கினால் விரலில் பிசின்போல ஒட்டும். அதன் வேர்த்துண்டை வேலிக்கு மேலால் தந்தவர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர். நெடுங்காலமாகத் தன் கராஜில் பியர் காய்ச்சுபவர். தரும்போதே, உங்கள் கைக்கு மிளகாய்தான் வரும், இது வராது என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நல்ல பியராக வந்தால் ஈஸ்டர் விருந்தில் தன் மேசையில் வைப்பதாகவும் சொன்னார்.

மாமா அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிழவரோடு பேச்செல்லாம் வேலியோடு சரி; அவர் வீட்டுக் கேற்றுக்குள் மாமா ஒரு நாளும் போனதில்லை. வேர்த்துண்டு கிடைத்த அன்றிலிருந்து மாமாவுக்கு ஹொப்ஸைத் தவிர வேறு கதையே இல்லை. அம்மாவோ பியர் என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார். "உன்ர அந்தச் சாமான்" என்பார்.

பறித்த பூவை நிழலில், அடியிலும் காற்றுப் படும்படி பரப்பிக் காயவைக்க வேண்டும். முற்றத்தில் இரண்டு கதிரைகளின் மேல் எங்கள் பழைய கம்பிவலைக் கதவு கிடந்தது. அம்மா மோர்மிளகாய் காயவைப்பது அதில்தான். முதல்நாள்தான் மிளகாயை அள்ளியிருந்தார். மாமா கதவை எங்கள் கராஜுக்குள் தூக்கிப்போய், கழுவாமலே பூவைப் பரப்பிவிட்டார்.

மாமா காய்ச்சி முடிக்க முப்பது போத்தல் பியர் வந்தது. இரண்டு வெடித்தன. ஈஸ்டருக்கு முதல்நாள் வேலியோரம் நின்று ஒன்றைத் திறந்து, மாமா ஒரு வாய் குடித்தார். உடனே இருமினார்.

"அக்கா! இந்தக் கதவிலை என்னத்தைக் காயப்போட்டனீ?"

"மோர்மிளகாய். நீ கண்ணை எங்கை வைச்சிருந்தனீ?"

"பியர் உறைக்குதக்கா!"

"உறைச்சால் சோத்தோடை குடி."

மாமா போத்தலைக் கவிழ்க்கப் போனார். அதற்குள் கிழவரின் கை வேலிக்கு மேலால் நீண்டுவிட்டது. ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். கிழவர் இரண்டாவது வாய் குடித்தார், மூன்றாவதும் குடித்தார். பிறகு போத்தலைத் திருப்பித் தரவேயில்லை.

மறுநாள் மாமா சலவைச் சட்டையோடு அந்தக் கேற்றுக்குள் நடந்து போனார். பின்னால் நான். விருந்தில் இருபத்தைந்து பேர். இருபத்தேழு போத்தலும் காலி. என்ன ரகசியம் என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் வீட்டு ஹொப்ஸ் என்று மாமா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மிளகாயைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கும் ஓர் அங்குலம் வளர்ந்தது போலிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் முற்றத்தில், அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். காய்ந்த உடுப்பையே திரும்பவும் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ர சாமான் முடிஞ்சுதோ?" என்று மாமாவிடம் கேட்டார்.

"ஒரு சொட்டும் இல்லையக்கா."

"ம்."

அதன்பின் ஒன்பது ஈஸ்டருக்கு அந்த மேசையில் எங்கள் பியர் இருந்தது. ஒரு தடவையும் உறைப்புக் குறையவில்லை. அது மாமாவின் கைப்பக்குவம் என்றே நான் நம்பினேன்.

இன்று என் சொந்த வேலியில் மூன்று கொடிகள். போன ஆண்டுப் பியரை எல்லோரும் மெச்சினார்கள். உறைப்பு மட்டும் இல்லை. அப்போதுதான் பழையதை நினைத்துப் பார்த்தேன். பூக்களை எண்ணினேன், போத்தல்களை எண்ணினேன், ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. மாமா பூப்பறிக்க நாள் குறித்தால், அதற்கு முதல்நாள்வரை அம்மா தவறாமல் அந்தக் கதவில் மோர்மிளகாய் காயப்போட்டார், குசினி அலுமாரியில் பழைய மிளகாயே மூன்று போத்தல் மிஞ்சிக் கிடந்த ஆண்டுகளிலும்.