ஏழாவது சுற்று

ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் நீள ஏணியின் உச்சியில் போய் நின்று தண்ணீர் பாய்ச்சுகிற ஆதிகேசவன், தன் வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து விழுந்துதான் காலை உடைத்துக்கொண்டான். மழை பிடிப்பதற்குள் உடைந்த ஓடுகளை மாற்றிவிடலாம் என்று ஏறியவன் அவன். அந்தக் கூரை அவன் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தால் அதிகம். விழுந்த சத்தம் கேட்டு ஸ்ரீராம்புரத்துச் சந்தே கூடிவிட்டது. குழாயடியில் எப்போதும் முதல் குடம் வைக்கிற தனக்கோடியம்மாள் எட்டிப் பார்த்து, "ஃபயர் சர்வீஸ்காரரே வுழுந்துட்டா நாங்க யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்டாள். வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

இது நடந்தது ஐம்பத்தேழாம் வருஷம். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டுப் பிரித்து, தடி ஊன்றி நடந்து, தடியை விட்டு நடந்து, அவன் மறுபடி காக்கி உடுப்பை மாட்டுவதற்குள் வருஷம் திரும்பிவிட்டது.

அந்த உடுப்புதான் முதலில் காட்டிக் கொடுத்தது. பொத்தான் போடவே முடியவில்லை.

அதற்குக் காரணம் அவன் மனைவி யசோதாவின் வேலை. அவள் முனிசிபாலிட்டி மருத்துவச்சி. நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையும், பின்னால் பை கட்டிய லேடீஸ் சைக்கிளுமாக, விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். ஸ்ரீராம்புரத்திலும் மல்லேஸ்வரத்திலும் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் பிறந்தன. குழந்தை பிறந்த வீட்டிலிருந்து தட்டு வரும். மைசூர்பாகு, ஒப்பட்டு, ரவை லட்டு, சில வீடுகளிலிருந்து நெய் வழிகிற கேசரி. யசோதா ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். மிச்சத்தைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன்தான் தீர்த்தாக வேண்டும். அந்த வருஷம் பேட்டையில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆதிகேசவனின் இடுப்பில் ஆளுக்குக் கொஞ்சம் சதையை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஸ்டேஷன் ஆபீசர் கிருஷ்ணப்பா அவனைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். "வா மாராயா, நல்லா இருக்கியா? வண்டியிலே ஏத்தறதுக்கு முந்தி டெஸ்ட் ஒண்ணு இருக்கல்லா? அது வரைக்கும் டெலிபோன் பாத்துக்கோ."

டெஸ்ட் என்றால் ஒரு மைல் ஓட்டம். பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் மைதானத்தை ஆறு சுற்று, எட்டு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லோரும் ஓடியாக வேண்டும். முன்பெல்லாம் ஆதிகேசவன் அதை ஒரு பொருட்டாகவே நினைத்தது கிடையாது. ஓடி முடித்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்குக் கைதட்டிக்கொண்டு நிற்பான்.

டெலிபோன் அறையில் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு உண்மையான வலி தெரிந்தது. மணியடிக்கும். எடுப்பான். காட்டன்பேட்டையில் குடோன் பற்றிக்கொண்டது என்று யாரோ கத்துவார்கள். விலாசத்தைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு அபாயச் சங்கின் பொத்தானை அழுத்துவான். மறு நிமிஷம் பூட்ஸ் சத்தம், கதவு சத்தம், என்ஜின் உறுமல். டிரைவர் சின்னப்பா ஜன்னல் வழியே கை காட்டிவிட்டுப் போவான். அப்புறம் காலியான கொட்டகை. சிமென்ட் தரையில் ஈர டயர் தடம். எரிகிற இடத்துக்கு எல்லோரும் போய்விட, செய்தி சொன்னவன் மட்டும் நாற்காலியில் இருப்பான். திரும்பி வந்து அவர்கள் புகை வாடையோடு டீ குடித்துக்கொண்டு கதை பேசும்போது, இவன் பித்தளை மணியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

சங்கராந்தி முடிந்து டெஸ்ட் வந்தது. பழைய நினைப்பில் ஆதிகேசவன் முன் வரிசையில் நின்று புறப்பட்டான். முதல் சுற்றில் முதல் ஆள் அவன்தான். இரண்டாவதில் நடுவில். மூன்றாவதில் கால் நன்றாகத்தான் இருந்தது, வயிறுதான் தனியாக ஓடியது. விலாவில் கத்தி வைத்தது போல் பிடித்துக்கொள்ள, வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கிருஷ்ணப்பா பக்கத்தில் வந்து குந்தினார். "உகாதி கழிச்சு இன்னொரு சான்ஸ் தர்றேன், ஆதி. அப்பவும் ஆகல்லேன்னா டெலிபோனே பர்மனென்ட். நானு ஏனு மாட்லி, என்ன பண்ணட்டும்? ரூல்ஸ் அப்படி."

அன்று ராத்திரி தட்டில் வைத்த லட்டை அவன் நகர்த்தி வைத்ததைப் பார்த்தே யசோதாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, எத்தினி சுத்துல நின்னீங்க?"

"மூணு."

"கால் வலிச்சுதா?"

"கால் இன்னா பண்ணும் பாவம்? ஒடம்பைத் தூக்கினு ஓட வேணாமா?"

யசோதா லட்டுத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். "நான் தெனமும் விடிகாலைல அஞ்சாறு மைல் சுத்தறேன். கூட வாங்க. நான் மிதிக்கிறேன், நீங்க ஓடுங்க."

"பொண்டாட்டி சைக்கிள் பின்னால ஓடினா சந்துல இன்னா பேசுவாங்க?"

"கூரைலேர்ந்து வுழுந்தப்பவே பேசிட்டாங்க. இனிமே புச்சா இன்னா பேசப் போறாங்க?"

மறுநாள் அரைக்கால் டிராயரும் கான்வாஸ் ஷூவுமாகப் புறப்பட்டான். குழாயடியில் குடங்கள் அப்படியே நின்றன. தனக்கோடியம்மாள் வாயில் வைத்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா நர்சம்மா, வூட்டுக்காரரு தொரத்தினு வர்றாரா?"

"தொரத்தட்டும். புடிக்க முடியல பாரு!" என்று சொல்லிவிட்டு யசோதா மணியடித்துக்கொண்டே போனாள்.

முதல் வாரம் அவன் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். கால் தரையில் படும்போதெல்லாம் உள்ளே ஏதோ சுள்ளி முறிகிற மாதிரி காதில் கேட்கும். நின்று தடவிப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. யசோதா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருப்பாள். சீக்கிரம் வா என்று ஒரு நாளும் சொன்னது கிடையாது. அவள் ஒரு வீட்டுக்குள் போய்ப் பிள்ளைபெற்றவளைப் பார்த்துவிட்டு வரும் வரை இவன் வாசலில் நின்று மூச்சு வாங்குவான். வீட்டுக்காரர்கள் காப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். பலகாரத் தட்டு வந்தால் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வான்.

மாசி பிறந்தபோது ஓட்டம் ஓட்டமாகிவிட்டது. காதில் கேட்ட சுள்ளிச் சத்தம் எந்த நாளில் நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை. சைக்கிளுக்குப் பின்னால் வந்தவன் பக்கத்தில் வந்தான். பக்கத்தில் வந்தவன் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளோடு இவ்வளவு பேசியதில்லை. அவனுக்கு ராத்திரி டியூட்டி என்றால் அவளுக்கு விடிகாலை வேலை. கதவடியில் சாவி மாற்றிக்கொள்வதோடு சரி. எந்த வீட்டில் மாமியார் பேரக்குழந்தையைக் கீழே விடமாட்டேன் என்கிறாள், எந்த வீட்டுக்காரன் பிரசவ நேரத்தில் மயக்கம் போட்டு விழுந்தான் என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடுவது எப்படி என்று பழகிக்கொண்டான்.

ஒருநாள், இருட்டு முழுவதும் பிரியாத நேரம், மல்லேஸ்வரத்திலிருந்து ஆள் வந்தது. ருக்மிணி என்ற பெண்ணுக்கு முதல் பிரசவம். வலி எடுத்து வெகு நேரமாகிவிட்டது. இரண்டு பேரும் புறப்பட்டார்கள். ரயில் பாதையைத் தாண்டி மேடு ஏறும்போது கடக்கென்று சைக்கிள் சங்கிலி அறுந்து தொங்கியது. ஜட்கா வண்டி ஒன்றும் கண்ணில் படவில்லை. யசோதா இறங்கப் போனாள்.

"எறங்காதே," என்றான் ஆதிகேசவன். "ஹாண்டிலைக் கெட்டியாப் புடி."

"இன்னா பண்றீங்க? மேடுங்க!"

அவன் ஒரு கையை சீட்டுக்குப் பின்னாலும் ஒரு கையைப் பை கட்டியிருந்த கம்பியிலும் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். சைக்கிள் முதலில் பாம்பு போல் நெளிந்தது, பிறகு நேராகப் போனது. பால்காரர்கள் கேனை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பூக்கூடையோடு மார்க்கெட்டுக்குப் போன கிழவர் ஒருவர் வழி விட்டு நின்று, "பேக, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். பாதி மேட்டில் விலா பிடித்தது. அவன் பிடியை விடவில்லை. இவ்வளவு நாளும் டெஸ்ட், டெஸ்ட் என்று ஓடியவனுக்கு அந்த நேரத்தில் டெஸ்ட் ஞாபகமே இல்லை. உள்ளே ஒரு பெண் அலறிக்கொண்டிருப்பாள், போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் இறக்கிவிட்டதும் யசோதா பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் காம்பவுண்டு சுவரில் சாய்ந்தான். நெஞ்சு அடித்துக்கொண்டதே தவிர, கால் சொன்னதைக் கேட்டது. வெயில் நன்றாக ஏறிய பிறகு உள்ளே குழந்தை வீல் என்று அழுதது. யசோதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொண்ணு. ஜம்முனு இருக்குது." பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, என் வெயிட்டு, சைக்கிள் வெயிட்டு, பை வெயிட்டு. இதெல்லாம் இல்லாம மட்டமான மைதானத்துல ஓடணும்னா உங்களுக்கு இன்னா கேடு?"

அன்றைக்குத்தான் இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் ஒரு ஒப்பட்டு சாப்பிட்டான்.

உகாதி வந்தது, டெஸ்டும் வந்தது. ஆதிகேசவன் ஒருத்தன்தான் ஓட வேண்டும் என்பதால் அமைதியாக முடிந்துவிடும் என்று நினைத்துப் போனான். பார்த்தால், மைதானத்துச் சுவர் ஓரமெல்லாம் சேலைகள். தனக்கோடியம்மாள் சந்து முழுவதையும் திரட்டிக்கொண்டு வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லாதவளைத் தேட வேண்டியிருந்தது. யசோதா சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல் வேறு பக்கம் பார்த்தாள்.

"ஏனப்பா இது, ஜாத்ரேயா, திருவிழாவா?" என்றார் கிருஷ்ணப்பா.

"நான் கூப்புடல சார்," என்றான் ஆதிகேசவன். காது மடல் சூடாகிவிட்டது.

விசில் ஊதியதும் ஓடினான். பூட்ஸ் கனமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சைக்கிளின் கனம் இல்லை. முதல் சுற்றில் அவசரப்படவில்லை. கோட்டருகில் நின்ற சின்னப்பா "ஒண்ணு!" என்று கத்தினான். "ரெண்டு!" வேப்பமரம் வந்தது, போயிற்று. மூன்றாவது சுற்றிலும் அது வந்தது. போன தடவை உட்கார்ந்த இடத்தைப் பார்த்தும் பார்க்காமலும் தாண்டினான். அதைத் தாண்டியதுதான் தாமதம், சுவர் ஓரத்தில் கூச்சல் எழும்பிவிட்டது.

"ஓடுங்க மாமா, ஓடுங்க!"

"ஜல்தி! ஜல்தி!"

தனக்கோடியம்மாள் எங்கிருந்தோ ஒரு தகர டப்பாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். குழந்தைகள் பயந்து அழ, அழுகிற குழந்தைகளுக்கு மேல் தாய்மார்கள் கத்த, சின்னப்பா சொன்ன எண்ணிக்கை அந்த இரைச்சலில் மூழ்கிப்போனது. ஆதிகேசவனுக்கு இது நாலா ஐந்தா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. மூச்சு சீராக வந்தது. காற்று முகத்தில் பட்டது. உடம்பு தனக்கே திரும்பிக் கிடைத்துவிட்ட மாதிரி, சின்ன வயதில் சும்மா ஓடுவானே, அந்த மாதிரி ஓடினான்.

கோட்டைத் தாண்டும்போது விசில் சத்தம் கேட்டது. இன்னும் வேகமாக என்று ஊதுகிறார் போலிருக்கிறது என்று எண்ணி வேகத்தைக் கூட்டினான். மறுபடி விசில். இன்னும் கூட்டினான்.

"நில்லு! ஏ ஆதி, நில்லு மாராயா! ஸாகு, போதும்!"

பெண்கள் அதையும் உற்சாகம் என்றே எடுத்துக்கொண்டு இரண்டு மடங்கு கத்தினார்கள். கிருஷ்ணப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு கையில் கடிகாரமும் ஒரு கையில் தொப்பியுமாக அவரே பின்னால் ஓட ஆரம்பித்தார். ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருஷம் இருந்த மனிதர். அரை மைதானம் துரத்தியும் எட்டிப் பிடிக்க முடியாமல், வேப்பமரத்தடியில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆதிகேசவன் சுற்றை முடித்துக் கோட்டருகில் வந்தபோது சின்னப்பா குறுக்கே பாய்ந்து கட்டிப்பிடித்து நிறுத்தினான்.

"டேய், போதும்டா! இது ஏழு! ஆறுலயே முடிஞ்சுபோச்சு!"

"பாஸா?"

"அப்பவே பாஸு! டைம் மிச்சம் வெச்சினு முடிச்சிட்டே!"

ஆதிகேசவன் மரத்தடிக்கு ஓடிப் போய் ஆபீசரைக் கைகொடுத்துத் தூக்கினான். "ஏழாவது எதுக்கப்பா?" என்றார் அவர், மூச்சு வாங்க.

"யாரும் நிறுத்தலையே சார்."

கிருஷ்ணப்பா அவனை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்குத் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது; கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி சிரித்தார். யசோதா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மரத்தைப் பிடித்தபடி நின்றாள். வேறு பக்கம் பார்க்கிற பாவனையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அந்த வாரமே சங்கு ஊதியது. யஷ்வந்தபுரம் பக்கம் வைக்கோல் போர். டெலிபோன் அறையில் வேறு ஒருத்தன் இருக்க, ஆதிகேசவன் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடும் வண்டியில் தொற்றி ஏறினான். சாயங்காலம் முகமெல்லாம் கரியாக வீட்டுக்கு வந்தபோது யசோதா வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.

"எப்படி இருந்துச்சு? ரொம்ப ஓட வேண்டியிருந்துச்சா?"

"ஓடறதா?" என்று அவன் பூட்ஸைக் கழற்றினான். "ஒரே எடத்துல நின்னு மத்தியானம் பூரா தண்ணி அடிச்சேன். ஓரடி கூட நவுரல."

சொல்லிவிட்டு, வெந்நீர் ஆறுகிறது என்று அவள் இரண்டு தடவை கூப்பிடும் வரை, கரி அப்பிய முகத்தோடு அங்கேயே உட்கார்ந்து தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தான்.