ஸ்டார்போர்டு

விமானப் படிக்கட்டருகே எண்ணெய் வாசனை அடித்ததும், கிழக்குத் தாம்பரம் வீட்டில் அப்பா கப்பலிலிருந்து வந்து திறக்கும் தகரப்பெட்டி ஞாபகம் வந்தது.

அம்மா ஆங்கில டீச்சர், எனக்கும் வகுப்பெடுத்தாள். கப்பலின் வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்ற பெயர் நட்சத்திரத்தால் வந்தது என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். விடுமுறையில் வந்த அப்பா சோற்றைப் பிசைந்தபடியே மறுத்தார்.

"ஸ்டார் இல்ல டீச்சர், ஸ்டியர். கப்பலைத் திருப்புற பலகைய அப்போ வலது பக்கம் கட்டியிருந்தாங்க. அது இடிபடக்கூடாதுன்னு இடது பக்கத்தைத்தான் கரையில சேர்ப்பாங்க. பிளேன்லகூட இடது பக்கமாத்தான் ஏத்துறாங்க."

"லிட்ரேச்சர் படிச்சது நானா, நீங்களா?"

அன்று அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

மறுநாள் பள்ளி நூலகத்தில் அகராதியைப் புரட்டிவிட்டு வகுப்புக்கு வந்தாள் அம்மா. "நான் சொன்னது தப்பு. அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க" என்றாள். வீட்டுக்கு நடக்கும்போது, "அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள். நானும் சொல்லவில்லை, அவர் கண்மூடும்வரை அவளும் சொல்லவில்லை.

இன்று முதல் முறையாக விமானம் ஏறும் அம்மா, படியில் நின்று பின்னால் வந்த பெண்ணிடம் அதே வகுப்பறைக் குரலில் பேசினாள்.

"ஏன் இடது பக்கமா ஏத்துறாங்க தெரியுமா? எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருந்தவர். அவர் சொன்னதுதான் சரி."