திருவிழா லீவில் போன பதவி

ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கும் கைட் சேர்ஃபிங்குக்குக் குவியும் காற்றுக்காலத்தில்தான் தலவில அன்னம்மா தேவாலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவும் வரும். போன வருடம் அந்த நேரத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க இருந்தார்கள். மூத்தவன் நான்தானே என்ற தைரியத்தில் குடும்பத்தோடு திருவிழாவுக்குக் கிளம்பினேன். முதலாளி கொழும்பில் இருந்ததால், என்னோடு வேலை செய்யும் நிரோஷனிடம் லீவைச் சொன்னேன். ஒருவர் லீவை மற்றவர் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

"ஓம் மச்சான், போயிட்டு வா. நான் சொல்றன்" என்றான்.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான் சேர்" என்றுதான் முதலாளியிடம் சொன்னானாம். திரும்பி வந்தபோது பொறுப்பாளர் கதிரையில் அவன் இருந்தான். என் விளக்கம் எடுபடவில்லை. நிரோஷனோடு வழக்கம்போலவே பழகினேன்.

வாசகர்களே, உங்கள் லீவை அடுத்தவன் வாயில் கொடுக்காதீர்கள். இப்போது நான் முதலாளியிடம் நேரே கேட்கிறேன். அதுவும் காற்றில்லாத மார்ச்சில் வரும் அன்னம்மாவின் மற்றத் திருவிழாவுக்கே போய் வந்துவிடுகிறேன். ஆகஸ்டில் மேசையை விட்டு அசைவதில்லை.

இந்த ஆகஸ்ட் திருவிழாவில் நிரோஷனுக்கு மகனின் நேர்த்திக்கடன். செய்ததை அவன் மறந்தே போயிருந்தான்.

"சேரைப் போனில பிடிக்க ஏலாம இருக்கு மச்சான். வந்தா லீவெண்டு சொல்லிவிடு."

"ஓம் மச்சான், போயிட்டு வா. நான் சொல்றன்" என்றேன்.

மறுநாளே முதலாளி வந்து, அவன் எங்கே என்று கேட்டார்.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான் சேர்."

அன்னம்மாவிடம் மார்ச்சில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.