ஊற்றில் வந்த பினாயில் வாசம்

கழிவறையில் ஒரு நாளைக்கு எவ்வளவு பினாயில் ஊற்றலாம்? கைக்குழந்தை இருக்கும் வீடு. ஊற்றாமல் இருக்கவும் பயம், ஊற்றவும் பயம். அரை மூடி ஊற்றிவிட்டு, அதிகமோ என்று இரண்டு வாளித் தண்ணீர் விடுகிறேன். விடை இன்னும் தெரியவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற ஊரில் ஒரு மாணவர் விடுதியின் காப்பாளர். நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்தவர். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். விடுதிக் கழிவறைத் தண்ணீர் செப்டிக் டேங்கில் தெளிந்து, பக்கத்தில் கல் நிரப்பிய குழி வழியாக மண்ணுக்குள் இறங்கும். ஒரு மழைக்காலத்தில் டேங்க் நாறத் தொடங்கியது. அதிகாரி ஆய்வுக்கு வருகிற மாதம் வேறு. தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஒரு பாட்டில் பினாயிலும் ஒரு கொட்டாங்குச்சி ப்ளீச்சிங் பவுடரும் கழிவறைகளில் கொட்டுகிற பொறுப்பை அப்பா எனக்குக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

விடுதியில் சமைத்த அக்கா, சரிவில் எங்களுக்குக் கீழே குடியிருந்தார். பலா மரத்தடி ஊற்றுதான் அவர்களுக்குக் குடிதண்ணீர்.

“ஏனுங்க சார், ஊத்துத் தண்ணியில மருந்து வாடை வருதுங்க” என்றார் ஒருநாள்.

“கிருமி செத்துப்போச்சுன்னு அர்த்தம்மா” என்றார் அப்பா. “டவுன்ல மருந்து போட்ட தண்ணிதான் எல்லாரும் குடிக்கிறாங்க.”

“அப்ப எங்க ஊத்தும் டவுனாயிருச்சுங்க!” அக்கா சிரித்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். “டாக்டரம்மா, கொஞ்சம் கம்மியா ஊத்து சாமி. எங்கூட்டுக் களியெல்லாம் உன்ற வாசந்தான்.”

அந்த வார வியாழக்கிழமை நான் விளையாடப் போய், ஊற்ற மறந்துவிட்டேன். சனிக்கிழமை அக்காவின் பத்து மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாயங்காலம் ஜீப்பில் திரும்பி வந்தார்கள். அக்காவின் மடியில் குழந்தை, முகம்கூடத் தெரியாமல் துண்டில் சுற்றப்பட்டிருந்தது.

நான் ஊற்ற மறந்த அந்த ஒரு நாளில்தான் கிருமி தப்பித்துப் போனது என்று நினைத்தேன். திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் இரண்டு பாட்டில் ஊற்றினேன்.

போன மாதம் எங்கள் வீட்டு செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய லாரிக்காரர் வந்தார். மூடியைத் திறந்ததும் முகம் சுளித்தார். “ஏனுங்க, இத்தனை மருந்தா ஊத்துவீங்க? பீயைத் தின்னு தண்ணியத் தெளிய வெக்கற பூச்சியெல்லாம் செத்துப்போச்சுங்க. இனி போனது போனபடியே வெளிய வரும்.”

அன்று விடுதி டேங்கிலிருந்து அக்காவின் ஊற்றுக்குப் பினாயில் வாசம் மட்டும் தனியாகவா போயிருக்கும், தெளியாத கழிவும் சேர்ந்துதானே? அந்த மழையில் வேறு ஏதாவது காரணமாகவும் இருந்திருக்கலாம். இப்படி மாற்றி மாற்றி நினைத்தே இரண்டு வாரம் போய்விட்டது.

எனக்குக் குழந்தை பிறந்தது தெரிந்து நேற்று அக்கா போன் செய்தார். “தண்ணியக் காய்ச்சிக் குடு கண்ணு. நான் சோம்பேறித்தனமாக் காய்ச்சாமக் குடுத்துத்தான் எம்புள்ளையத் தொலைச்சேன்.”

இருபது வருடமாக அதைத் தன் தலையில் சுமந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அது இறங்கும். அப்பாவின் தலையில் ஏறும். அவருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. அக்காவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “பாவம், சுத்தம் தெரியாத ஜனங்க” என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தையைப் பார்க்க வருகிறார். அப்பாவும் இங்கேதான் இருப்பார். நான் யாரிடம், எதைச் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் அதற்குள் எழுதுங்கள்.