ரொம்ப நேரான ஒட்டு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். கையில் துணி சுற்றிய பெட்டி இருந்தால் என் வீட்டுக்காரரைத் தேடி வந்தவர்கள். அவரே எழுந்து ஓடி வருவார். கை வெறுமனே இருந்தால் சொந்தக்காரர்கள். அவர்களிடம் அவர் தூங்குகிறார் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸை அளவுக்குத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பார். அது பிழைப்பு. உயிர் மட்டும் எங்கள் உள்ளறை பீரோவில் இருக்கிறது. அறுபத்திரண்டு வீடியோ கேம். எல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், கடையிலிருந்து வந்த மேனிக்கே. ஒன்றையும் ஆடிப் பார்த்தது கிடையாது. "பிரிக்காம இருக்கறதுலதாம்மா விஷயமே இருக்கு" என்பார். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் அம்மாவுக்குப் போன் செய்து புலம்பினேன். குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா என்று அம்மா கேட்டாள். இல்லை, கேமை வாங்கி ஆடாமல் வைத்திருக்கிறார் என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

அந்த அறைக்கென்று தனிச் சட்டம் உண்டு. ஜன்னலுக்கு இரட்டைத் திரை, ஏனென்றால் வெயில் பட்டால் அட்டையில் இருக்கும் சிவப்பு வெளுத்துவிடும். பெட்டிகளைப் படுக்க வைத்து அடுக்கக் கூடாது, அடியில் இருப்பது நசுங்கும். புத்தகம் மாதிரி நிறுத்த வேண்டும், ஆனால் நெருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துச் செய்த கெட்டி பிளாஸ்டிக் கூடு. மூலைக்கு மூலை ஈரம் உறிஞ்சும் பொட்டலம், புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்குமே அதுதான். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் ஒரு குட்டி மீட்டர் சுவரில் தொங்கும். முள் ஐம்பதைத் தாண்டினாலும் இவர் முகம் சுருங்கும், நாற்பதுக்குக் கீழே இறங்கினாலும் சுருங்கும். எனக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் எங்கே என்று என்னிடமே கேட்கிற மனிதர், அந்த மீட்டரைப் பல் தேய்ப்பதற்கு முன்னால் பார்த்துவிடுவார்.

இவரைப் போலவே ஊரில் நாற்பது பேர் இருக்கிறார்கள், சங்கம்கூட வைத்திருக்கிறார்கள். அந்த நாற்பது வீட்டுப் பெண்களையும் நினைத்துத்தான் நான் மனதைத் தேற்றிக்கொள்வது. யார் பழைய பெட்டி வாங்கினாலும் அது அசலா என்று கேட்க இவரிடம் கொண்டு வருவார்கள். பிரித்து ஆடிவிட்டு, புது உறை போட்டு ஒட்டி, பிரிக்காதது என்று காதில் பூ சுற்றுகிற ஆட்கள் உண்டாம். இவர் பெரிதாக்கிக் காட்டும் கடை லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு, உறையின் பின்பக்கத்தில் ஓடும் ஒட்டை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். அப்புறம் எல்லோரிடமும் அதே வசனம்தான்.

"அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் அவசரத்துல ஒட்டுவான். ஒட்டு கொஞ்சம் கோணலாத்தான் போகும். ரொம்ப நேரா இருந்தா சந்தேகப்படுங்க."

இதை அவர் சொல்லும்போதெல்லாம் காப்பி டம்ளரை எடுக்கிற சாக்கில் நான் உள்ளே போய்விடுவேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு பேக்கிங் கம்பெனியில் சீலிங் மிஷின் ஓட்டுகிறேன். சோப்பு, பொம்மை, பென்சில் பெட்டி, எது வந்தாலும் இரண்டாக மடிந்த பிளாஸ்டிக் தாளுக்குள் நுழைத்து, மிஷினின் மேல்கைப்பிடியை அழுத்தினால் சூடான கம்பி வெட்டி ஒட்டிவிடும். பிறகு சூட்டுப் பெட்டிக்குள் ஓடும் பெல்ட்டில் வைத்தால், மறுபக்கம் வரும்போது தாள் சுருங்கிப் பெட்டியைக் கவ்விக்கொண்டிருக்கும். எளிதாகத்தான் தெரியும், செய்து பார்த்தால் தெரியும் கோணல். என் ஒட்டு கோணினதே இல்லை. கம்பெனியில் எனக்குப் பட்டப் பெயரே ஸ்கேல் அக்கா.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கண்ணாடிக் கடையில் புது மிஷின் வாங்கினார்கள். அதைப் பழகிக்கொள்ள இவரை வெளியூருக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். யாரும் கேட்காமலே நான் பீரோவைத் தூசி தட்டப் போனேன், பாசத்தில்தான். அவருடைய முதல் பெட்டியான வாத்து கேமைக் கூட்டை விட்டு வெளியே எடுத்துத் துடைக்கும்போது வளையலின் இணைப்பு உறையில் மாட்டி, சர்ரென்று ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. மற்றதெல்லாம் கை மாறி வந்தவை. இது ஒன்றுதான் அவர் கல்யாணத்துக்கு முன்னால் வரிசையில் நின்று, கடைக்காரர் கையிலிருந்து நேராகத் தன் கையில் வாங்கியது.

அரைமணி நேரம் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். கிழிந்தது கிழிந்துவிட்டது. உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

பரணில் ஒரு பழைய கேம் மிஷின் இருந்தது. இறக்கி, டிவியில் மாட்டி, கேசட்டைச் செருகினேன். ஒரு மஞ்சள் வாத்து பன்னிரண்டு மாடிக் கோட்டையில் ஏற வேண்டும், அவ்வளவுதான் கதை. நாலு வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் தினமும் ஏறினேன். விட்ட இடம் கேசட்டிலேயே பதிவாகி இருக்கும். ஒன்பதாம் மாடியில் ஒரு தண்ணீர்ச் சக்கரம். அதை மட்டும் தாண்டவே முடியவில்லை. அவர் திரும்பும் நாளுக்கு முதல் நாள், மனசே இல்லாமல் கேசட்டைப் பெட்டியில் வைத்து, கம்பெனிக்கு எடுத்துப் போய், சாப்பாட்டு நேரத்தில் உறை போட்டேன். மூலையில் மிஞ்சும் காது மாதிரியான பிசிறைக்கூட வெட்டிவிட்டேன். திருட்டு வேலைதான், இருந்தாலும் பிசிறோடு விட எனக்குக் கை வரவில்லை.

வந்தவுடன் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவரோ பையைக்கூடக் கீழே வைக்காமல் பீரோவைத் திறந்து, ஒன்று இரண்டு என்று எண்ணிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் அப்படியே இருக்கு. நீ இருக்கறப்போ எனக்கென்னம்மா கவலை?" அதற்குமேல் எந்த வாயால் சொல்வது?

ஒரு வருஷமாக இருந்தது பதினோரு வருஷமாகிவிட்டது. போன வருஷம் சங்கத்தின் கண்காட்சியில், பொம்மைக்கடைக்காரர் ஒருவர் பெருமையாகக் கொண்டு வந்த மூன்று பெட்டிகளை இவர் பார்த்துவிட்டு, "மூணும் திரும்ப ஒட்டினது" என்று நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு அது ஆறவே இல்லை. இந்த வருஷக் கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எல்லார் பெட்டியையும் நீங்க பார்த்தீங்க. உங்க பெட்டிய யார் சார் பார்த்தது? இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. எல்லார் முன்னாடியும் என் லென்ஸ்ல நான் பார்க்கறேன்."

"தாராளமா பாருங்க. வாத்தைக் கொண்டு வர்றேன்" என்றார் இவர்.

சமையலறையில் என் கையிலிருந்த தட்டு தானாகவே கீழே விழுந்தது.

அந்த வாரம் முழுக்க நான் பேச்சை மாற்றப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "வாத்து எதுக்குங்க, அந்தக் கப்பல் கேம் எடுப்பா இருக்கே" என்று பார்த்தேன். "கப்பல் நாலு கை மாறி வந்ததும்மா. வாத்தைத் தொட்டது நான் ஒருத்தன்தான். அதுல எவனும் குறை சொல்ல முடியாது" என்றார். குறை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்தது. தானே போலி ஒட்டுப் போட்டவர் என்பார்கள். இத்தனை வருஷம் அவர் சொன்ன ஒவ்வொரு தீர்ப்பும் பொய் என்பார்கள். பணத்துக்கு ஆசைப்படாமல், காப்பிகூட எங்கள் வீட்டுக் காப்பியாகவே கொடுத்துச் சேர்த்த பெயர் அது. அது போவது என் வளையலால்.

கண்காட்சி அன்று காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

"என்னங்க, அதை எடுத்துட்டுப் போகாதீங்க."

"ஏன்?"

"அது நான் ஒட்டினது."

முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். தூசி, வளையல், தண்ணீர்ச் சக்கரம், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் துணியைப் பிரித்து, லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டார். ஊரார் பெட்டியை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர், இதை ஒரு நாளும் லென்ஸ் வைத்துப் பார்த்ததில்லை. தன் கையால் வாங்கி, தன் வீட்டில் இருப்பதை எதற்குப் பார்ப்பது?

ரொம்ப நேரம் பார்த்தார். "காத்துப் போற ஊசித் துளை இருக்கு. அந்தக் காலத்துத் தாள்ல இது கிடையாது" என்றார். பிறகு மெதுவாக, "எவ்வளவு நேரா இருக்கு" என்றார். திட்டுகிறாரா, வியக்கிறாரா, தெரியவில்லை. பெட்டியை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு செருப்பைப் போட்டார். நானும் கையில் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், ஆனால் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பத்துச் சொல்லியிருப்பேன்.

மண்டபத்தில் பொம்மைக்கடைக்காரர் தயாராக இருந்தார். இவருடையதைவிடப் பெரிய லென்ஸ். நாற்பது பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அவர் கையை நீட்டுவதற்குள் இவர் பெட்டிமேல் கையை வைத்தார்.

"நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி நான் பார்த்ததைச் சொல்லிடறேன். இது திரும்ப ஒட்டினது. இன்னைக்குக் காலையில வரைக்கும் எனக்கே தெரியாது. உங்க பெட்டியெல்லாம் பார்த்தேன், என் பெட்டிய பார்க்கல. தப்பு என்னுது. ஒட்டினது என் சம்சாரம். அதோ நிக்கிறா."

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது. நான் திருதிருவென்று விழித்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. பொம்மைக்கடைக்காரர் ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல், லென்ஸை மட்டும் ஒட்டின்மேல் ஓட்டினார். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போனார், திரும்பி வந்தார். நிமிர்ந்து என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, நீங்க எந்தக் கம்பெனில வேலை பார்க்கறீங்க?"

"அவ வரமாட்டா" என்றார் இவர். அப்போதுதான் மண்டபமே சிரித்தது. வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு பேர் வழிமறித்து, அடுத்த ஞாயிறு பெட்டி கொண்டு வரலாமா என்று இவரைக் கேட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில்தான் பேசினார். "ஏம்மா சொல்லல?"

"நீங்க சிரிச்சீங்க. நீ இருக்கறப்போ என்ன கவலைன்னீங்க."

"பதினோரு வருஷம்மா." மடியிலிருந்த பெட்டியை அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. பெட்டி போனதற்காக அவர் வருந்தவில்லை என்பது தெரிந்ததால் இன்னும் அதிகமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு நிறுத்தம் போன பிறகு கேட்டார், "ஆட்டம் எப்படி இருந்துச்சு?"

வீட்டுக்கு வந்ததும் பிளேடை எடுத்தார். ஒட்டில் படாமல், ஓரமாக, அறுவை செய்வது போல உறையை வெட்டி எடுத்தார். "உள்ளே இருக்கற குட்டி பேட்டரி செத்திருந்தா நீ ஏறினது அழிஞ்சிருக்கும்" என்று எனக்கு முன்கூட்டியே ஆறுதல் வேறு சொன்னார். பரணிலிருந்து மிஷினை இறக்கி, கேசட்டைச் செருகினோம். வாத்து வந்தது. அடியில் பதிவும் இருந்தது. ஒன்பதாம் மாடி. பக்கத்தில் ஆடியவர் பெயர்.

"இது என் பேரு" என்றார்.

"உங்க கேம்தானே. பேர் கேட்டுது. வேற யார் பேரைப் போடறது?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் முதல் மாடியிலிருந்து ஆட ஆரம்பித்து, முதல் பள்ளத்திலேயே பதினேழு தடவை விழுந்தார். "தாண்டுங்க! இப்போ! ஐயோ!" என்று நான் போட்ட கூச்சலில் மகள் புத்தகத்தோடு பக்கத்து அறையிலிருந்து வந்து, எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பார்த்தால் பீரோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வெட்டிய உறையை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் சுருக்கம் இல்லாமல் நீவி, வாத்தின் காலிக் கூட்டுக்குள் வைத்து, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் போட்டு, வாத்து இருந்த அதே இடத்தில் நிறுத்திவிட்டார். மேலே பொடி எழுத்தில் ஒரு சீட்டு. ஒட்டிய வருஷம், பிரித்த தேதி. அதற்குக் கீழே, ஒட்டியவர் என்று போட்டு என் பெயர்.

மறுநாள் காலை தூசி தட்டலாம் என்று பீரோவைத் திறந்தேன். குளியலறையிலிருந்து, வாயில் பிரஷ்ஷோடு ஒரு சத்தம்.

"எதை வேணா தொடு! அதை மட்டும் தொடாதே! வளையலைக் கழட்டு முதல்ல!"

கழற்றி வைத்துவிட்டுத்தான் தூசி தட்டினேன்.