அசனப் பந்தியில் உட்கார்ந்தேன்

சபையார் எல்லாருக்கும் தோத்திரம். வருஷா வருஷம் இங்கே நின்று, "கர்த்தர் எங்கள் வாழையை ஆசீர்வதித்தார்" என்று சத்தமாகச் சாட்சி சொன்ன அதே ஜெயராணிதான் நான். இந்த வருஷம் சொல்வதற்கு வாழை இல்லை.

போன வைகாசியில், வெட்டுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது. கால் மணி நேரம்கூட இருக்காது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே வாய்க்கால் கரையில் நானும் வீட்டுக்காரரும் குத்தகைக்குப் போட்டிருந்த வாழை முழுக்கக் குலையோடு முறிந்து விழுந்தது. "ஆண்டவரே, அசனத்துக்கு ஒரு குலையாவது நிற்கட்டும்" என்று அழுதுகொண்டே வரிசை வரிசையாகத் தேடினேன். ஒன்றுகூட நிற்கவில்லை.

அசனம் என்றால் ஆளாளுக்குக் கொண்டுவருவதைப் போட்டு ஆக்கி, சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். முதல் குலை எங்கள் வீட்டுக் குலைதான். பதினோரு வருஷம் நான் பரிமாறியிருக்கிறேன், பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. பெருமைதான், ஒளிக்க என்ன இருக்கிறது?

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அடுத்த தெரு தங்கபுஷ்பத்தின் வாழை வெள்ளத்தில் அழுகிப்போனது. பெண்கள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளிடம், "உன் ஜெபத்துல எங்கயோ ஓட்டை இருக்கு, அதான் கர்த்தர் கைய எடுத்துட்டாரு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது என் வாழை விழுந்து கிடந்தது. முழங்கால் போடுவேன், ஜெபம் வராது. வந்தால் சண்டைதான் வரும். "உமக்கு நான் என்ன குறை வைத்தேன்?" ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். இனி ஆலயப் படி மிதிப்பதில்லை என்றே முடிவு பண்ணிவிட்டேன்.

போன வருஷ அசனத்தன்று காலையில் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியோடு வந்து, "ஏட்டி, கெளம்பு" என்றார்.

"வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர?"

"இருக்க மூஞ்சிய வச்சிக்கிட்டு வா. பசிக்குல்லா?"

முந்தின நாளிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வழியெல்லாம் ஒரே ஜெபம்தான்: "ஆண்டவரே, என்னால முடியல."

பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றேன். சோற்று வாளியோடு வந்தவள் தங்கபுஷ்பம். எனக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் நியாயம்தான்.

"என்ன மைனி, இங்கன நிக்கிய? பந்தியில இடம் கெடக்கு, வாங்க."

கையைப் பிடித்து உட்காரவைத்து, இலை போட்டு, சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினாள். வாழையிலையைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "புஷ்பம், அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புட்டி, என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"சோறு ஆறுது மைனி. சாப்பிடுங்க."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஒன்றும் கொண்டுவராதவளுக்கும் அதே சோறு, அதே சாம்பார். ஒரு குலை கேட்டேன், ஆண்டவர் தரவில்லை. பந்தியில் ஓர் இடம் தந்தார். அது பதினோரு வருஷமும் எனக்காகக் காலியாகவே கிடந்திருக்கிறது.

வாழை திரும்பி வரவில்லை. குத்தகையும் கைவிட்டுப் போனது. இருவரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறோம். இன்னும் சில நாள் காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் அழுகை வரும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டவரோடு சண்டை இல்லை. ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். அவரே போதும் என்று இப்போது சொல்ல முடிகிறது.

கையில் ஒன்றும் இல்லையே என்று வேப்பமரத்தடியில் நிற்கிறவர்கள் இருந்தால், உள்ளே வாருங்கள். இந்த வருஷ அசனத்தில் உங்களுக்கு நான் இலை போடுகிறேன். பக்கத்தில் எனக்கும் ஓர் இலை போடுங்கள்.