ஊசியின் மூன்றாம் துண்டு

எங்கள் தையல் கம்பெனியில் ஊசி உடைந்தால் உடனே புது ஊசி தந்துவிட மாட்டார்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, அட்டையில் அச்சடித்திருக்கும் ஊசிப் படத்தின் மேல் வைத்து டேப் ஒட்டி, ஸ்டோரில் காட்ட வேண்டும். படம் முழுக்க மூடியிருந்தால்தான் கையெழுத்து. ஒரு துண்டு குறைந்தாலும் அன்று தைத்த உருப்படி அத்தனையையும் கையால் தடவித் தேட வேண்டும். நாங்கள் தைப்பது கைக்குழந்தைச் சட்டை.

அதனால் எங்களுக்குள் ஒரு குறுக்கு வழி இருந்தது. துண்டு குறைந்தால், இருப்பதை நடுவில் கொஞ்சம் இடம் விட்டு ஒட்டிவிடுவோம். இடைவெளியில் அச்சுப் படம் தெரிவதால், டேப்புக்கு மேல் பார்த்தால் முழு ஊசி மாதிரியே இருக்கும். ஸ்டோர்க்காரர் கண்ணாடியைத் துடைப்பதே எப்போதோ ஒரு தரம்தான்.

எனக்கு அடுத்த மிஷினில் கழுத்துப் பட்டி தைத்தவளுக்கு எங்கள் லைனில் ஆமென் அக்கா என்று பேர். கேலிக்கு வைத்த பேர்தான். காலையில் மிஷினை மிதிக்கும் முன் கண்ணை மூடி, "இதைப் போடப்போற பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது ஆண்டவரே" என்பாள். உடனே பின்னாலிருந்து யாராவது, "எனக்கு நாளைக்கு லீவு வரணும் ஆண்டவரே, ஆமென்!" என்று கத்துவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒருத்திக்கு உடம்பு முடியாத நாளில் அவள் உருப்படியையும் இவளே தைத்து வைப்பாள். அந்த ஒருத்தியே மறுநாள் இவளைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரிப்பாள். வீட்டில் வீட்டுக்காரர் கை கால் விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கை. இவள் சம்பளம் நின்றால் அடுப்பு எரியாது.

நானும் அவளும் ஒரே சபை. நான் பொத்தானுக்குக் காஜாத் துளை எடுக்கிறவள்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அவள் ஊசி பட்டென்று முறிந்தது. மிஷினில் சிக்கியிருந்த மேல்துண்டை எடுத்தாள். நடுத்துண்டும் கிடைத்தது. கூர்முனையைக் காணோம். மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினாள். சூப்பர்வைசர் எதிர்க் கோடியிலிருந்து, "அங்க என்ன உக்காந்து ஜெபக்கூட்டமா?" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு துண்டையும் அவள் அட்டையில் நானே இடம் விட்டு ஒட்டினேன்.

"கெடச்சுதா தங்கச்சி?" என்று அடியிலிருந்தே கேட்டாள்.

"எல்லாம் கெடச்சாச்சு. எந்திரிக்கா."

ஸ்டோரில் கையெழுத்தானது. புது ஊசி வந்தது. அட்டையை வழக்கம்போல் மிஷினில் மாட்டினாள்.

சாப்பாட்டு வேளையில் ஜெபம் பண்ணிவிட்டுக் கண் திறந்தவள், எதிரே தொங்கிய அட்டையையே பார்த்தாள். டேப்பின் மேல் நகத்தை ஓட்டினாள்.

"இதுல கூர் இல்லையே."

"விடுக்கா, கையெழுத்தாயிடுச்சு," என்றேன்.

"பிள்ளை கழுத்துல குத்துமே."

"எந்த ஊருப் பிள்ளையோ!"

"எந்த ஊருன்னாலும் அதுக்குக் கழுத்து ஒண்ணுதானே இருக்கு?"

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து சூப்பர்வைசரைக் கூப்பிடப் போனாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாகக் கையை எடுத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் வந்து மிஷினிலிருந்து அட்டையைப் பிய்த்து எடுத்தார். "யாரு ஒட்டினது?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "என் அட்டைங்க, சார்," என்றாள்.

அவர் லைனை நிறுத்தினார். அன்று தைத்த நானூற்று எண்பது சட்டையையும் கொட்டினார். "இவளே தேடட்டும். மத்தவங்க நின்னு பாருங்க. இவ தேடி முடிக்கிற வரைக்கும் ஒருத்தியும் உக்காரக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது."

முப்பது பேர் நின்றோம். அவர் கெட்டிக்காரர். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

"உங்க ஆண்டவர்கிட்ட கேளேன், எத்தனாவது சட்டைன்னு சொல்லுவாரு."

"முட்டி போட்டுத் தேடுடி, சீக்கிரம் கெடைக்கும்."

"எம்புள்ளை பள்ளிக்கூட வாசல்ல நிக்குது. ஒன் புண்ணியத்துக்கு நாங்க சாகணுமா?"

ஒருத்தி அவள் சாப்பாட்டு டப்பாவைக் காலால் தள்ளினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தையல்காரி விரல் காய்ந்து தடித்திருக்கும், சின்ன முனை பட்டால் தெரியாது. அதனால் அவள் ஒவ்வொரு கழுத்துப் பட்டியையும் தன் கன்னத்தில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிள்ளையைக் கொஞ்சுகிறாள் என்று சிரித்தார்கள். முன்னூறைத் தாண்டிய ஒரு சட்டையில் சட்டென்று முகத்தைச் சுளித்தாள். கன்னத்தில் ஒரு கோடு, அதில் ரத்தம்.

"கெடச்சிருச்சு! ஸ்தோத்திரம், கெடச்சிருச்சு!"

எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள், நாங்களும் சந்தோஷப்படுவோம் என்று நினைத்து. எல்லோரும் பையை எடுக்க ஓடினோம்.

சூப்பர்வைசர் அந்தச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைப் பட்டியில் சிவப்புப் பொட்டு. "இதையும் கெடுத்துட்டியா?"

அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். 'ஊசித் துண்டை மறைத்து, அட்டையைப் பொய்யாக ஒட்டினாள்' என்று ஒரு தாள் எழுதி, பக்கத்து மிஷின்காரி என்று என்னைச் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது.

அப்படி ஒரு தாள் எழுதப்பட்டவளை வேறு எந்தத் தையல் கம்பெனியும் எடுக்காது; பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிடுவார்கள். நான்கு இடத்தில் ஏறி இறங்கிவிட்டு ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். கன்னத்துக் கோடு கறுத்திருந்தது.

"நடந்ததை ஆபீஸ்ல சொல்லேன் தங்கச்சி. அவருக்கு மருந்து வாங்கி ஒரு வாரமாச்சு."

"எனக்கும் பிள்ளைங்க இருக்குக்கா."

"ஆமா, இருக்கே," என்றாள். அதை அவள் குத்திச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னாள். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "பயப்படாத. உனக்காக ஜெபம் பண்ணிக்கிறேன்," என்று எழுந்தாள்.

இப்போது ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் படிக்கட்டு கூட்டித் துடைக்கிறாள். பழைய சம்பளத்தில் பாதிகூட வராது. வீட்டுக்காரருக்கு மருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அங்கேயும் மேல் மாடிக் கிழவிக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம் வரும். அவள் முதலில் என் கையைத்தான் பிடிக்கிறாள். நான் தூணுக்குப் பின்னால் இடம் மாறி உட்கார்ந்து பார்த்தேன். தேடி வந்து பிடித்தாள். தரை துடைக்கும் லைசால் தண்ணீரில் ஊறி வெடித்த கை. எல்லோரும் பார்க்க ஒரு அறை விட்டிருந்தாலாவது எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

கையெழுத்துப் போட்ட தாள் ஆபீஸ் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் என் மிஷினுக்குப் போகிறேன்.